காய்ந்த புல்லைப் பார்த்துப் பயப்படலாமா? ஜூலை வெயிலில் கோல்ஃப் பயணம் எங்கே போவது

எங்கள் நால்வர் அணிக்கு வருடத்தில் ஒரு வாரம்தான் ஒன்றாகக் கிடைக்கும். இருவர் சென்னையில், ஒருவர் துபாயில், ஒருவர் அட்லாண்டாவில். நான்கு பேரின் விடுமுறையும் ஒத்துவந்தது ஜூலைக் கடைசி வாரத்தில். வாட்ஸ்அப் குழுவில் நான்கு யோசனைகள் விழுந்தன: ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை, அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல், போர்ச்சுகலின் அல்கார்வே, இல்லையென்றால் பேசாமல் ஊட்டி அல்லது நுவரெலியா.

துபாய் நண்பர் ஒரு படம் அனுப்பினார். வறண்ட கோடை ஒன்றில் எடுத்த ஸ்காட்லாந்து மைதானம். ஃபேர்வே (முதல் அடிக்கும் குழிக்கும் நடுவே ஒட்ட வெட்டிய புல்வெளி) முழுவதும் வைக்கோல் நிறம். "இதுக்கு லட்ச ரூபா செலவு பண்ணணுமா? பல்லாவரம் கிரவுண்டே இதவிடப் பச்சையா இருக்கும்" என்று கீழே ஒரு வரி. அந்த வரிக்குப் பதில் எழுத உட்கார்ந்துதான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீண்டது. அந்தப் படத்தில் இருக்கும் தரைதான், நான்கு இடங்களிலும் ஜூலையில் ஆடுவதற்கு மிகச் சிறந்தது என்பது என் கட்சி.

முதலில் புல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட வேண்டும். கோல்ஃப் புல்லில் இரண்டு சாதிகள். குளிர் விரும்பும் பென்ட், ஃபெஸ்க்யூ, ரை, போவா வகைகள் 15 முதல் 24 டிகிரி வரை செழிப்பாக இருக்கும். வெயில் விரும்பும் பெர்முடா, பாஸ்பாலம், ஸோய்சியா வகைகளுக்கு 30 டிகிரிதான் உற்சாகம். பெர்முடா என்று பெயரைக் கேட்டு ஏதோ கடல்கடந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். நாம் பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல்தான் அது. மைதானங்களில் போடுவது பெரும்பாலும் அதன் ஒட்டு ரகங்கள். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோமே, அந்த வேர்தான் அதன் பலம். தண்ணீர் இல்லாவிட்டால் மேலே காய்ந்து, கீழே உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மழை விழுந்ததும் கிளம்பிவிடும்.

ஆகவே ஒரு மைதானம் பழுப்பாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. உறங்குகிற புல்லும் பழுப்பு, செத்த புல்லும் பழுப்பு. முன்னதன்மேல் பந்து அழகாக உட்காரும், பின்னதில் வெறும் மண்மேல் கிடக்கும்.

ஸ்காட்லாந்து: பழுப்பே இங்கே அழகு

செயின்ட் ஆண்ட்ரூஸ், கார்னூஸ்டி, கிரெய்ல் போன்றவை லிங்க்ஸ் மைதானங்கள். கடலோர மணல்மேட்டில், இயற்கையாக முளைத்த ஃபெஸ்க்யூ புல்மேல் உருவானவை. அடியில் மணல் என்பதால் தண்ணீர் நிற்காது. ஃபெஸ்க்யூ ஆழமாக வேர்விடும், உரமும் அதிகம் கேட்காது, வறட்சியில் உறங்கிவிடும். அதைப் பச்சையாக வைத்திருக்க ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் நடப்பது வேறு: போவா புல் உள்ளே புகுந்து ஃபெஸ்க்யூவை ஓரம் தள்ளும். அதனால் நல்ல லிங்க்ஸ் பராமரிப்பாளர் கோடையில் குழாயைத் திறக்க யோசிப்பார். கிரீனுக்கும் (குழி இருக்கும் வழுவழுப்பான புல்திட்டு) டீக்கும் (முதல் அடி அடிக்கும் மேடை) தண்ணீர் கிடைக்கும், ஃபேர்வே பெரும்பாலும் வானத்தை நம்பி நிற்கும்.

2018-இல் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடம் நல்ல வறட்சி. ஃபேர்வே தங்க நிறத்தில் இருந்தது, ரஃப் (ஓரத்து உயரப் புல்) மெலிந்து போயிருந்தது, பந்து விழுந்தபின் உருண்டுகொண்டே இருந்தது. எவ்வளவு வலுவாக அடிப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே எல்லோருக்கும் தலைவலி. பிரான்செஸ்கோ மோலினாரி ஜெயித்தார். அதற்கு முன் 2006-இல் இங்கிலாந்தின் ஹாய்லேக்கிலும் இதே கதை. தரை அவ்வளவு இறுகிக் கிடந்ததால் டைகர் உட்ஸ் 72 குழிகளிலும் சேர்த்து ஒரே ஒரு முறைதான் டிரைவரை (அதிகத் தூரம் அடிக்கும் மட்டை) எடுத்தார், 18 அண்டரில் (நிர்ணயித்த அடிகளைவிட 18 குறைவாக அடித்து) கோப்பையையும் எடுத்துக்கொண்டார்.

நம்மைப் போன்ற சாதாரண ஆட்டக்காரருக்கு இதில் என்ன கிடைக்கும்? முதலாவது, தூரம். வீட்டில் 210 கஜம் போகிற அடி இங்கே 250-ஐத் தொடும். அட்லாண்டா நண்பருக்கு இது ஒன்றே போதும், வருடம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார். இரண்டாவது, ரஃப் மெலிந்திருந்தால் பந்து கிடைக்கும். ஈரமான கோடையில் அதே ரஃப் முழங்கால் உயரம் வளர்ந்து பந்துகளை விழுங்கும்.

கஷ்டமும் உண்டு, மறைக்கவில்லை. கிரீனில் நேராகப் பந்தை இறக்கி நிறுத்தலாம் என்ற நினைப்பை விமானத்திலேயே விட்டுவிட வேண்டும். 30 கஜம் முன்னால் இறக்கி உருட்டிவிட வேண்டும். ஃபேர்வேயிலிருந்தே, பந்தை உருட்டும் பட்டர் மட்டையை எடுப்பது இங்கே வெட்கக்கேடு இல்லை, புத்திசாலித்தனம். அடிப்பக்கம் தடித்த வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) இறுகிய தரையில் எகிறிப் பந்தின் நடு வயிற்றில் இடிக்கும், மெல்லிய அடிப்பக்கம் உள்ளதே இங்கே உதவும். அப்புறம், உறங்கும் புல் காயத்தை ஆற்றிக்கொள்ளாது. எல்லோருடைய அடியும் வந்து சேருகிற பள்ளங்களில், மட்டை புல்லைப் பெயர்த்த டிவட் குழிகள் அப்படியே கிடக்கும், அதில் உங்கள் பந்தும் போய் விழும். முணுமுணுக்கலாம், அவ்வளவுதான்.

கிரீன்கள் மின்னல் வேகத்தில் இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். கடற்காற்றில் பந்து தானாக நகர்ந்துவிடும் என்பதால் லிங்க்ஸில் கிரீனை அளவுக்கு மீறி வேகமாக வைப்பதில்லை. 2015 செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓப்பனில் காற்று பந்தை நகர்த்தியதாலேயே சனிக்கிழமை பல மணி நேரம் ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

வெயில் என்று பார்த்தால் ஜூலையில் பகல் உச்சம் 20 டிகிரியைச் சுற்றித்தான். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது, ஆனால் அது வேறு உலகம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடற்காற்று எப்போதும் ஒரு ஸ்வெட்டரைக் கேட்கும். இருட்ட இரவு பத்து மணி ஆகும், மாலை ஐந்துக்கு ஆரம்பித்தும் ஒரு சுற்று முடிக்கலாம்.

செலவுதான் உறுத்தும். செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானமான ஓல்ட் கோர்ஸில் கோடைக் கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே கிடையாது, ஊர் மக்கள் நாயோடு நடக்கிற நாள் அது. இடம் கிடைக்கக் குலுக்கல் வேறு. ஆனால் பக்கத்திலேயே 1895-இல் திறந்த 'நியூ' கோர்ஸ் இருக்கிறது. நூற்று முப்பது வயதில் புதுசு! தரையும் மணலும் அதே, கட்டணம் பாதிக்கும் கீழே. மலிவு தேடி நவம்பர் முதல் மார்ச் வரை போகலாமா என்று சென்னை நண்பர் கேட்டார். அந்த மாதங்களில் ஓல்ட் கோர்ஸின் ஃபேர்வேயில் ஒரு சின்ன விரிப்பை வைத்து, அதன்மேல் பந்தை வைத்துத்தான் அடிக்க வேண்டும். அவ்வளவு தூரம் போய் பாய்மேல் பந்து அடிப்பதா?

ஸ்காட்ஸ்டேல்: புல்லுக்குக் கொண்டாட்டம், நமக்குத் திண்டாட்டம்

அரிசோனாவில் கதை தலைகீழ். ஜூலையில் அங்கே புல் உச்ச ஆரோக்கியத்தில் இருக்கும். பெர்முடாவுக்கு அந்த வெயில்தான் வேண்டும். வேண்டாதவர்கள் நாம்.

2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரிக்கு மேல். 2024-இல் தொடர்ந்து 113 நாட்கள் 100 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது, அதாவது கிட்டத்தட்ட 38 டிகிரி. வேலூர்க்காரர்கள் "இதென்ன பிரமாதம்" என்று சொல்லலாம். ஆனால் அங்கே இரவிலும் சூடு இறங்காத நாட்கள் உண்டு, விடியற்காலை ஐந்தரைக்கே கான்கிரீட் அனல் விடும். உள்ளூர்க்காரர்கள் விடிவதற்கு முன் ஆட்டத்தை ஆரம்பித்துப் பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். ஜூலைப் பிற்பகுதியில் பருவக்காற்று சேர்ந்தால் மாலையில் புழுதிப் புயலும் உண்டு.

இதற்காகத்தான் கட்டணம் சரிகிறது. பிப்ரவரி, மார்ச்சில் 300, 400 டாலர் கேட்கும் மைதானம் ஜூலையில் பாதிக்கும் கீழே வந்துவிடும். இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். அரிசோனாவில் இல்லை, வேறொரு வெப்ப ஊரில், பெயர் வேண்டாம். கோடைச் சலுகை என்று ஆசையாகப் பதிவு செய்து போனால் கிரீன் முழுக்க விரல் தடிமனில் ஓட்டைகள், மேலே மணல். பந்தைத் தட்டினால் தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி துள்ளித் துள்ளிப் போனது. கவுன்டரில் கேட்டபோது, "சார், இந்த வாரம் ஏரேஷன்" என்றார்கள். அவர்கள் செய்ததில் தவறில்லை. பெர்முடா வேகமாக வளர்கிற வெயில் காலத்தில்தான் மண்ணைக் குத்திக் காற்றோட்டம் கொடுக்க முடியும், இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பது மட்டும் என் குறை. நானும் கேட்டிருக்கலாம்.

ஸ்காட்ஸ்டேலுக்குப் போவதானால் வெப்பமானியைவிடப் புல்லின் நாட்காட்டியைப் பாருங்கள். குளிர் வந்ததும் பெர்முடா உறங்கிப் பழுப்பாகிவிடும், பனிக்காலச் சுற்றுலாப் பயணிகளுக்கோ பச்சை வேண்டும். அதனால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் பெர்முடாவை ஒட்ட வெட்டி, மேலே ரை விதையைத் தூவுவார்கள். ஓவர்சீடிங் என்று பெயர். மைதானம் சில வாரங்கள் மூடியிருக்கும். திறந்த புதிதில் தரை சொதசொதவென்று இருக்கும், கோல்ஃப் வண்டியைப் பாதையை விட்டு இறக்க விடமாட்டார்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சொர்க்கம். மே, ஜூனில் ரை செத்துப் பெர்முடா எழும்பும் நேரம், தரை திட்டுத் திட்டாக இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை மறுபடி நல்ல தரை. கோடைச் சலுகை விலையில் நல்ல தரை வேண்டுமானால் ஜூனைவிட ஆகஸ்டே மேல்.

தண்ணீர்ப் பிரச்சினை இந்த நாட்காட்டியையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறது. 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு கொலராடோ ஆற்றில் பற்றாக்குறை என்று முதல்முறையாக அறிவித்தது. மறுவருடம் அந்த ஆற்றில் அரிசோனாவின் பங்கில் ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்தது. ஓவர்சீடிங்குக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும் என்பதால், சில இடங்களில் ஃபேர்வேக்கு விதை தூவாமல் விட்டு, டீயையும் கிரீனையும் மட்டும் பச்சையாக வைக்கிறார்கள். ஜனவரியில் போய்ப் பழுப்பு ஃபேர்வேயைப் பார்த்து ஏமாந்தோம் என்று நினைக்காதீர்கள். உறங்குகிற பெர்முடாவில் ஆடுவது சுகமான அனுபவம், பந்து கொஞ்சம் தூக்கி நிற்கும், நன்றாக உருளும். படத்துக்கு மட்டும் அழகில்லை.

இதில் ஒரு சுவாரசியம். பாறையும் கள்ளியுமாகப் பாலைவனத்துக்கு நடுவே தீவு தீவாகப் பச்சை வைத்த அந்தப் புகழ்பெற்ற அரிசோனா பாணிக்குப் பின்னால் தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. 1980-இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தைத் தொடர்ந்து, ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் புதிய 18 குழி மைதானங்களுக்கு இவ்வளவு ஏக்கருக்கு மேல் புல் கூடாது என்று வரம்பு வந்தது. வடக்கு ஸ்காட்ஸ்டேலின் பல மைதானங்களுக்கு நகராட்சியின் சுத்திகரித்த கழிவுநீர் தனிக்குழாயில் போகிறது. குடிநீரோடு போட்டி போடாத தண்ணீர் என்பதால், இப்படிப்பட்ட மைதானங்கள் வறட்சி ஆண்டில் சட்டென்று கைவிரிக்கும் வாய்ப்புக் குறைவு.

அட்லாண்டா நண்பருக்காக ஒரு கிளைக்கதை

"அமெரிக்கா வரைக்கும் வரீங்கன்னா எங்க ஊருக்கே வாங்களேன்" என்றார் அவர். அன்புக்குக் குறைவில்லை, ஆனால் அமெரிக்கத் தென்கிழக்கு ஜூலையில் வேறு வகைச் சோதனை. வெயிலோடு புழுக்கம். அங்கே பழைய மைதானங்கள் பலவற்றில் கிரீனுக்கு மட்டும் குளிர் விரும்பும் பென்ட் புல்லைப் போட்டிருந்தார்கள், பட்டிங்குக்கு அவ்வளவு வழுவழுப்பு. மூன்று மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்டிய புல், சூடான மண்ணில் சுருங்கும் வேர், இரவிலும் ஆறாத காற்று என்றால் என்ன ஆகும்? 2007-இல் அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக்கில் ஆனது. அமெரிக்கத் தொழில்முறைச் சீசனின் இறுதிப் போட்டியான டூர் சாம்பியன்ஷிப்புக்கு முன் கிரீன்கள் வெயிலில் வதங்கி, ஆட்டக்காரர்கள் பயிற்சிக்குக்கூட அவற்றின்மேல் ஏற முடியாத நிலை. மறுவருடமே பென்டைப் பெயர்த்துவிட்டுக் குள்ளப் பெர்முடா ரகம் ஒன்றைப் போட்டார்கள். அதன்பின் அந்தப் பக்கத்தில் கிளப் கிளப்பாக அதே வழியில் போயிருக்கிறார்கள்.

வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இன்னும் ஒரு படி போனது. 2011-இல் முடிந்த சீரமைப்பில் இரண்டாம் எண் மைதானத்தில் ஏக்கர் கணக்கில் ரஃப் புல்லை அகற்றி, மணலும் காட்டுப் புதரும் திரும்பி வரும்படி விட்டார்கள். ஆயிரத்துக்கு மேல் இருந்த தெளிப்பான்கள் 450 அளவுக்கு வந்தன. 2014 யு.எஸ். ஓப்பனில் ஓரமெல்லாம் பழுப்பாக இருந்ததைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த மைதானம் பழுப்பில்தான் பிடிக்கிறது. ஆனாலும் ஜூலைப் புழுக்கத்தில் 18 குழி நடக்க ஆசை இல்லை. வசந்தத்தில் பார்க்கலாம்.

அல்கார்வே: இரண்டு பத்தியில் முடித்துவிடலாம்

போர்ச்சுகலின் தென்கரையில் வில்லமூரா சுற்றுவட்டாரம் அக்டோபரிலும் மார்ச்சிலும் அருமை. ஜூலையில் 30 டிகிரி, மழை என்ற பேச்சே இல்லை, கடற்கரைக்கு வரும் ஐரோப்பியக் கூட்டத்தால் விடுதி வாடகை உச்சத்தில். கோல்ஃபுக்குச் சீசன் இல்லாத நேரத்தில் விடுதிக்குச் சீசன், நமக்கு எந்தப் பக்கமும் லாபம் இல்லை.

தண்ணீர் இங்கே அரசியல். பல வருட வறட்சிக்குப் பிறகு 2024 தொடக்கத்தில் அல்கார்வேயில் விவசாயத்துக்கு 25 சதவீதமும், சுற்றுலா உட்பட நகர்ப்புறப் பயன்பாட்டுக்கு 15 சதவீதமும் தண்ணீர் குறைக்க உத்தரவிட்டார்கள், மழை வந்தபின் தளர்த்தினார்கள். ஆரஞ்சுத் தோட்டக்காரரும் கோல்ஃப் மைதானமும் ஒரே அணையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அணையின் மட்டம் தெரியாமல் பணம் கட்டாதீர்கள். இந்த மனக்கசப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2022 ஆகஸ்டில் பிரான்சின் துலூஸ் பக்கம் பார்த்தோம். ஊருக்கெல்லாம் தண்ணீர்க் கட்டுப்பாடு, கோல்ஃப் கிரீனுக்கு மட்டும் விலக்கு என்றதும், கோபத்தில் ஆர்வலர்கள் கிரீன் குழிகளில் சிமென்ட்டைக் கொட்டினார்கள்.

நம் மலைகள்

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா மூன்றுமே வெயிலுக்கு விடை. ஜூலையில் அங்கே வறட்சி இல்லை, மழைதான் எதிரி. தென்மேற்குப் பருவக்காற்றில் நீலகிரியின் மேற்குச் சரிவு நனைந்து கிடக்கும், மூடுபனியில் பந்து போன திசை, பை சுமந்து கூடவே வரும் கேடிக்கே தெரியாது. நுவரெலியாவும் அந்த மாதங்களில் ஈரம்தான். கொடைக்கானல் கோல்ஃப் கிளப்புக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸின் நியூ கோர்ஸுக்கும் ஒரே வயது, இரண்டும் 1895 என்பதைக் குழுவில் சொன்னேன், யாரும் அசரவில்லை.

இந்த இடங்களுக்குச் சரியான காலம் பனியும் மழையும் விட்ட இடைவெளி. டிசம்பர், ஜனவரி உறைபனியில் நீலகிரியில் புல் கருகும், மார்ச் வரை வறட்சி, கோடை மழை இரண்டு தடவை விழுந்ததும் ஏப்ரலில் பச்சை திரும்பும். ஆனால் ஏப்ரல், மே என்றால் மொத்தத் தமிழ்நாடும் மலையேறுகிறது. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

பதிவு செய்யும் முன்

இணையதளப் படங்களை நம்பாதீர்கள், அவை எப்போதும் நல்ல மாதத்தில் எடுத்தவை. மைதானத்தின் ப்ரோ ஷாப்புக்கு (கிளப்பின் கடையும் பதிவு கவுன்டரும்) ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: கிரீனில் என்ன புல், நாங்கள் வரும் வாரத்துக்கு முன்னும் பின்னும் ஏரேஷனோ ஓவர்சீடிங்கோ உண்டா, தண்ணீர்க் கட்டுப்பாடு எதுவும் அமலில் இருக்கிறதா, வண்டி பாதையை விட்டு இறங்கலாமா. இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்கிற இடத்தில் பெரும்பாலும் தரையும் நன்றாக இருக்கும். "எல்லாம் சூப்பர் சார்" என்று மட்டும் சொன்னால் அடுத்த நம்பரைப் பாருங்கள்.

சரி, எங்கள் முடிவு. அமெரிக்காவில் இருப்பவர்கள், விடியற்காலை எழுந்திருக்கத் தெம்புள்ளவர்கள், சிக்கனமாக நிறையச் சுற்று ஆட நினைப்பவர்கள் ஆகஸ்டில் ஸ்காட்ஸ்டேல் போகலாம், நான் தடுக்க மாட்டேன். அல்கார்வேயை அக்டோபருக்குத் தள்ளினோம். ஊட்டிக்கு எப்போது வேண்டுமானாலும் பஸ் இருக்கிறது. ஜூலைக் கடைசி வாரத்துக்கு நியூ கோர்ஸில் இரண்டு சுற்று, கிரெய்லில் ஒன்று, கார்னூஸ்டியில் ஒன்று என்று போட்டிருக்கிறோம், ஓல்ட் கோர்ஸ் குலுக்கலில் விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம். துபாய் நண்பர் இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. மழை பெய்து பச்சையாகிவிட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருக்கிறார். நானோ தினமும் காலையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் இருக்கும் ஃபைஃப் வட்டார வானிலையைத் திறந்து, மழைக் குறி தெரிந்தால் முகம் சுளிக்கிறேன்.